கவுன்ட்டரைச் சுருக்கிவிட்டார்கள்

எங்கள் தெரு முனைப் பப்பைப் புதுப்பித்துத் திறந்து ஒரு குளிர்காலம் போய்விட்டது. இன்னும் இந்தப் பகுதியில் இரண்டு பேர் நின்று பேசினால் பேச்சு அதில்தான் வந்து நிற்கிறது. தென்கிழக்கு லண்டன், லூயிஷமுக்கும் கேட்ஃபர்டுக்கும் நடுவே. பப்பின் பெயர் வேண்டாம், நடத்துகிறவர் நல்ல மனுஷி, அவரைச் சங்கடப்படுத்த இதை எழுதவில்லை. கார்ப்பெட்டை எடுத்தது, சுவரின் நிறம், பீர் விலை என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பார் கவுன்ட்டரைப் பாதிக்கும் கீழே சுருக்கிவிட்டார்கள்.

பப் என்றதும் டாஸ்மாக் பார் ஞாபகம் வந்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் படியுங்கள். இங்கே மத்தியானம் எழுபது வயதுப் பாட்டி தனியாக வந்து அரை பைண்ட், அதாவது கால் லிட்டருக்குச் சற்று மேல், கின்னஸ் பீரை வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவார், பக்கத்தில் ஒருவரின் நாய் படுத்திருக்கும், இரண்டு பேர் டாமினோ ஆடிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் ஹீட்டரைப் போட்டால் பில் எகிறும் என்பதற்காகவே ஜனவரியில் வந்து உட்காருகிறவர்கள் உண்டு. நான் பெரும்பாலும் லைம் சோடாதான், எப்போதாவது அரை பைண்ட் பிட்டர் பீர். கணவருக்கு இரவு ஷிஃப்ட் இருந்த காலத்தில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது, அப்படியே பழகிவிட்டது. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த மனிதர்களில் பாதிப் பேர் அந்தக் கவுன்ட்டரில் அறிமுகமானவர்கள்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில்கூட அவ்வளவு பேர் கிடைக்கவில்லை.

பழைய பப் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். முன்பக்க ஜன்னல் முழுக்க உறைபனி படிந்த மாதிரிக் கண்ணாடி, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. சிவப்பும் பழுப்புமாகச் சுழல் போட்ட கார்ப்பெட், கதவிலிருந்து கவுன்ட்டர்வரை நடந்து நடந்து ஒரு தடமே விழுந்திருக்கும். கழிவறையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. நடுவில் லாட வடிவத்தில் ஒரு பெரிய மரக் கவுன்ட்டர், அடியில் கால் வைக்கப் பித்தளைக் கம்பி, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு உயர ஸ்டூல். யார் எந்த ஸ்டூல் என்பது எழுதப்படாத சட்டம். ஆனால் புதிதாக ஒருவர் வந்து தெரியாமல் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள்.

இங்கிலாந்தில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குத் தெரியும், முன்பின் தெரியாதவரிடம் வாய் திறந்து பேசுவது இங்கே எவ்வளவு அபூர்வம் என்று. ரயிலில் பேச மாட்டார்கள், பஸ் ஸ்டாப்பில் வானிலையைத் தாண்டாது. பப்பில் மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் போய்ப் பேச முடியாது, அது அவர்கள் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைகிற மாதிரி. கவுன்ட்டர் மட்டும் விதிவிலக்கு. அங்கே வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்பது ஊற்றுகிறவருக்கும் தெரியும், நிற்கிறவர்களுக்கும் தெரியும், என்னை முதலில் கேட்டால் "இல்லை, இவர்தான் எனக்கு முன்னால்" என்று பக்கத்தில் இருப்பவரைக் காட்டிவிடுவேன், அவர் நன்றி சொல்வார், அதிலிருந்து 185-ஆம் நம்பர் பஸ் வராத கதை, அதிலிருந்து முழங்கால் வலி, மகனின் விவாகரத்து என்று போய்விடும். பேசப் பிடிக்கவில்லையா, கிளாஸை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய்விடலாம், யாருக்கும் வருத்தம் கிடையாது. தனியாக வந்த பெண், அதுவும் என்னைப் போல வெளியூர் முகம் உள்ளவள், எந்தச் சங்கடமும் இல்லாமல் நிற்பதற்கு அந்த இடம் கொடுத்தது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சரி, என்ன செய்தார்கள்? கார்ப்பெட்டைப் பிய்த்துப் பலகைத் தரையைத் தேய்த்துப் பாலிஷ் போட்டார்கள். சுவருக்குக் கரும்பச்சை. முன்பக்க ஜன்னலுக்குத் தெளிவான கண்ணாடி. வாசலில் சரிவுப் பாதை, சக்கர நாற்காலி போகிற அளவுக்குக் கழிவறை, குழந்தைக்கு உடை மாற்றப் பலகை. லாடத்தின் ஒரு பக்கத்தை முழுசாக வெட்டி எடுத்து அங்கே திறந்த சமையலறை வைத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் கவுன்ட்டரில் தட்டுகள் எடுத்துப்போக ஒரு இடம், கார்டு மெஷின், ஒரு பெரிய பூச்சாடி. ஸ்டூல்கள் போயே போய்விட்டன. ஒவ்வொரு மேஜையிலும் கியூஆர் கோடு ஸ்டிக்கர், போனில் ஆர்டர் கொடுத்தால் கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளே நுழைந்தால் ஒரு இளம்பெண் சிரித்த முகமாக "புக் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்கிறாள். டார்ட்ஸ் பலகை இருந்த சுவரில் இப்போது ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். அதன் ஓரமாகக் குனிந்து பார்த்தால் புதுப் பச்சை பெயின்ட்டுக்கு அடியில், பலகையைத் தவறவிட்ட அம்புகள் குத்திய குட்டிக் குட்டிக் குழிகள் வட்டமாக இன்னும் தெரிகின்றன. பெயின்ட் அடித்தவர் பட்டி பார்க்காமல் அடித்திருக்கிறார்.

வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? எதிர் ஃபிளாட்டில் இருக்கும் இளம் தாய்க்கு ரொம்பச் சந்தோஷம். ஐந்து வருஷமாக அந்தக் கதவைத் தாண்டிப் போயிருக்கிறாள், ஒருநாள்கூட உள்ளே வரத் துணிந்ததில்லை, அந்த மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்ற பயம். இப்போது தள்ளுவண்டியோடு வருகிறாள். இதில் நான் முழுக்க அவள் பக்கம். முதல் தடவை அந்தக் கதவைத் தள்ளும்போது எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை, பாஸ் என்ற மதுபான நிறுவனம் 1994-இல் ஆல் பார் ஒன் என்ற பார்களைத் தொடங்கியபோது, பெண்கள் வெளியில் இருந்தே பார்த்துவிட்டு வரட்டும் என்று பெரிய தெளிவான ஜன்னல்களை வைத்தது, முதல் கடை இதே தென் லண்டனில் சட்டனில்தான். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தப் பப்பின் கழிவறையைப் பயன்படுத்த முடிந்தது என்றார். இதற்கு மேல் ஒரு பாராட்டு வேண்டாம்.

குறுக்கெழுத்துப் பாட்டிக்குச் சாப்பாடு பிடித்திருக்கிறது, விலை பிடிக்கவில்லை. பைண்ட் ஐந்து பவுண்டுக்கும் கீழே இருந்தது, இப்போது ஆறரையைத் தொடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் இருபது பவுண்டுக்கு மேல். எல்லாரையும்விட என்னைப் பாதித்தது டாமினோக்காரர் சொன்னதுதான். ஜமைக்காவில் பிறந்தவர், முப்பது வருஷத்துக்கு மேல் லண்டன் பஸ் ஓட்டியவர். திறந்த வாரமே போயிருக்கிறார், நல்ல மேஜையாகத்தான் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் நடத்தினார்கள். "ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பீர் கொண்டுவந்த பெண்ணைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு நான் வீட்டிலேயே இருக்கலாமே" என்றார். இப்போது இரண்டு ஸ்டாப் தள்ளி ஒரு சங்கிலி நிறுவனப் பப்புக்குப் போகிறார். அங்கே கவுன்ட்டர் நீளம், ஆனால் தெரிந்த முகம் கிடையாது.

நடத்துகிற அம்மாவிடம் கேட்டால் அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கட்டடம் அவருடையது அல்ல, ஒரு பப் கம்பெனியுடையது. வாடகையும் அவர்களுக்கு, பீரும் பெரும்பாலும் அவர்களிடமே வாங்க வேண்டும், அவர்கள் வைத்ததே விலை. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பது தனிக் கதை. ஆறு பெரிய மதுபான ஆலைகள் நாட்டின் பப்களில் நிறையவற்றைக் கையில் வைத்திருந்தன, அந்தப் பிடியைத் தளர்த்த 1989-இல் அரசு உத்தரவு போட்டது, ஆலைகள் ஆயிரக்கணக்கில் பப்களைக் கைகழுவின, அவற்றை வாங்கிப்போட்டு வளர்ந்தவை இந்தக் கம்பெனிகள். முதலாளி மாறினார், குத்தகைக்காரரின் கழுத்தில் இருந்த பிடி அப்படியேதான் இருந்தது. 2016-இல் வந்த பப் விதித்தொகுப்பு, பெரிய கம்பெனிகளின் குத்தகைக்காரர்கள் சில கட்டங்களில் பீர் வாங்கும் கட்டாயத்திலிருந்து விலகிச் சந்தை வாடகைக்கு மட்டும் போக வழி செய்தது, ஆனால் அதற்குப் பேரம் பேசத் தெம்பு வேண்டும். 2000-இல் பிரிட்டனில் சுமார் அறுபதாயிரம் பப்கள் இருந்தன, இப்போது நாற்பத்தைந்தாயிரம் பக்கம். மூடியவற்றில் நிறைய எங்கள் பழைய பப் மாதிரிதான், அடுப்பில்லாமல் குடியை மட்டும் நம்பி நடந்தவை.

அவர் எனக்குப் பீப்பாய்க் கணக்கு ஒன்றைச் சொல்லிக் காட்டினார். கைப்பம்பில் இழுத்து ஊற்றும் கேஸ்க் ஏல், பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும் சரக்கு. ஃபெர்கின் என்கிற பீப்பாய் ஒன்று 9 காலன், அதாவது 72 பைண்ட். திறந்துவிட்டால் மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும், அப்புறம் புளிப்பேறும். பழைய ஆட்கள் வயதாகிக் குறையக் குறைய வாரத்துக்கு எத்தனை பைண்டைச் சாக்கடையில் ஊற்றினார் என்பது அவருக்கு மனப்பாடம். அதனால் மூன்று கைப்பம்பு ஒன்றாகிவிட்டது, சமையலறை வந்துவிட்டது. புதுப்பிக்கும் செலவில் பெரும்பங்கு கம்பெனி போட்டது, வரைபடமும் கம்பெனி அனுப்பிய வடிவமைப்பாளருடையது. அவர் பார்க்க வந்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. என் ஆத்திரம் அங்கேதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வந்து கவுன்ட்டரில் யார் நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அரை மணி நேரம் பார்த்திருந்தால் அந்த லாடத்தின் மேல் ரம்பம் வைக்க மனசு வந்திருக்காது.

கவுன்ட்டர் ஒன்றும் ஆதிகாலத்து விஷயம் அல்ல. இங்கிலாந்தின் பழைய பீர்க்கடைகள் வீடு மாதிரிதான் இருந்தன, நிலவறையிலிருந்து ஜாடியில் எடுத்துவந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஊற்றுவார்கள். 1797-இல் ஜோசஃப் பிராமா பீர் இழுக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், இருந்த இடத்தில் இருந்தே பீப்பாயிலிருந்து மேலே இழுக்க முடிந்தது. 1820-30களில் லண்டனில் பளபளவென்று ஜின் மாளிகைகள் வந்தபோது கடைகளில் இருப்பது போன்ற நீளக் கவுன்ட்டர் வந்தது. விக்டோரியா காலத்தில் அதையும் தடுப்புகள் வைத்துக் கூறு போட்டார்கள். மைடா வேலில் பிரின்ஸ் ஆல்ஃபிரட் என்ற பப்பில் இன்றும் ஒரு கூறிலிருந்து இன்னொன்றுக்குக் குனிந்து போகிற குட்டிக் கதவுகள் இருக்கின்றன. ப்ளூம்ஸ்பரியில் லேம்ப் பப்பில் கவுன்ட்டர்மேல் முக உயரத்துக்குச் சுழலும் கண்ணாடிப் பலகைகள், ஊற்றுகிறவரின் கண்ணில்கூடப் படாமல் குடிக்க விரும்பிய கனவான்களுக்காக. ஒரே பீர், உழைக்கிறவர் நிற்கும் அறையில் ஒரு விலை, நாற்காலி போட்ட அறையில் கொஞ்சம் கூடுதல் விலை. 1930களில் போல்டன் நகரத்துப் பப்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்த மாஸ் அப்சர்வேஷன் குழு அதைப் பதிவு செய்திருக்கிறது.

அந்தத் தடுப்புகளை உடைத்து எல்லாரும் ஒரே கவுன்ட்டரில் நிற்கும் நிலை சும்மா வரவில்லை. லண்டன் ஃப்ளீட் தெருவில் எல் வினோ என்ற மதுக்கூடம், பத்திரிகைக்காரர்கள் கூடும் இடம். பெண்களுக்கும் அங்கே ஒயின் கிடைக்கும், ஆனால் பாரில் நிற்கக் கூடாது, பின் அறையில் உட்கார்ந்தால் மேஜைக்குக் கொண்டுவந்து தருவார்கள். ஒரு வழக்கறிஞரும் ஒரு பத்திரிகையாளருமாக இரண்டு பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாரில் நெருக்கியடித்து நிற்கிறவனுக்குக் கிடைக்கும் ஊர்ப்பேச்சு, மேஜையில் உட்காரவைக்கப்பட்ட பெண்ணுக்குக் கிடைக்காதே என்பது நீதிபதி ஒருவரே எடுத்துச் சொன்ன காரணம். இந்த வழக்கைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. மேஜைக்குக் கொண்டுவந்து தருவது உபசாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது ஒரு ஆளை ஒதுக்கிவைக்கும் வழியாகவும் இருந்திருக்கிறது.

நிறத்துக்கும் அதே கதைதான். 1964-இல் பிரிஸ்டல் நகரத்து பே ஹார்ஸ் பப்பில் பால் ஸ்டீவன்சன் என்ற கறுப்பினச் செயற்பாட்டாளர் வெளியேற மறுத்து உட்கார்ந்து கைதானார், வழக்கு நிற்கவில்லை. பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர் தங்களுக்கு ஊற்ற மறுத்த பப்களுக்குக் குழுவாகப் போய்ப் போராடினார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்தபோது சங்கத்தின் அவ்தார் சிங் ஜோல் அவரையும் ஒரு பப்புக்கு அழைத்துப்போனார், நிற ஒதுக்கலை அவரே நேரில் பார்த்தார். பப் முதலான பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் அந்த ஆண்டு வந்தது. இன்று அந்தப் பக்கமெல்லாம் பஞ்சாபிகள் நடத்தும் பப்கள், கரியடுப்பில் வாட்டிய மிக்ஸ்டு கிரில் புகழ்பெற்றது. டாமினோக்காரரும் நானும் பித்தளைக் கம்பியில் கால் வைத்து நின்று பேசியதற்குப் பின்னால் இத்தனை பேர் பட்ட பாடு இருக்கிறது.

கவுன்ட்டர் இல்லாத பப் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பர் 24 முதல் இங்கிலாந்தில் பப் என்றால் மேஜையில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்று விதி வந்தது. நடுவில் பூட்டிக் கிடந்த மாதங்கள் போக, 2021 ஜூலை 19 வரை அதுதான் நிலைமை. அப்போது அது அவசியம், யாரும் குறை சொல்லவில்லை. அப்போது பழகிய போன் ஆர்டரை நிறையப் பேர் விடவே இல்லை, ஆளும் குறைவாகப் போதும், யார் என்ன குடித்தார்கள் என்ற கணக்கும் கையில் இருக்கும். விதி போய்விட்டது, ஸ்டிக்கர் நின்றுவிட்டது.

சாப்பாடு வந்ததால்தான் கவுன்ட்டர் போனது என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. நல்ல சாப்பாட்டைப் பப்புக்குக் கொண்டுவந்த முன்னோடி என்று எல்லாரும் சொல்வது ஃபாரிங்டன் சாலையில் 1991-இல் தொடங்கிய ஈகிள் பப்பைத்தான். அங்கே பாருக்குப் பின்னாலேயே அடுப்பு, கரும்பலகையில் அன்றைய சாப்பாடு, ஒன்றோடொன்று சேராத மேஜை நாற்காலிகள். சாப்பாடோ பீரோ, பாருக்குப் போய்த்தான் கேட்டு வாங்க வேண்டும். சாப்பாடும் ஓடியது, பப்பாகவும் இருந்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் இருக்கிறது. 2012-இல் விற்கப் போகிறார்கள் என்றதும் ஊர்க்காரர்கள் ஓடி, பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்கவைத்து, சமூகச் சொத்தாகப் பதியவைத்தார்கள், நாட்டிலேயே அப்படிப் பதிவான முதல் பப் அதுதான். அடுத்த ஆண்டே நூற்றுக்கணக்கானவர்கள் பங்கு போட்டுத் திறந்தார்கள். 1930களின் மரப்பலகைச் சுவர்கள் அப்படியே இருக்கின்றன.

எங்கள் பப் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2017 முதல் இங்கிலாந்தில் ஒரு பப்பை இடிக்கவோ வேறு தொழிலுக்கு மாற்றவோ திட்ட அனுமதி வேண்டும், ஆனால் பட்டியலில் இல்லாத கட்டடத்தின் உள்ளே எதை வெட்டினாலும் அந்த அனுமதி தேவையில்லை. மது உரிமத்தில் இருக்கும் வரைபடத்தை மாற்றத்தான் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். சிறு மாற்றம் என்றால் வெள்ளைத் தாளில் பத்து வேலைநாள், பெரிய மாற்றம் என்றால் வெளிர்நீலத் தாளில் 28 நாள் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் பப் ஜன்னலில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. எதிர்ப்புச் சொல்லலாம்தான். ஆனால் குற்றம், பொதுப் பாதுகாப்பு, தொந்தரவு, குழந்தைகள் பாதுகாப்பு இந்த நான்கில் ஒன்றைக் காட்டித்தான் சொல்ல முடியும். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் இடம் போய்விடும் என்பது அந்த நான்கிலும் அடங்காது.

அதனால் நேரடியாக அந்த அம்மாவிடமே போனோம். ஏழெட்டுப் பேர், ஒரு திங்கட்கிழமை, கூட்டம் இல்லாத நேரம். தள்ளுவண்டித் தாயும் வந்தாள், பாட்டியும் வந்தார். பழைய கார்ப்பெட் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வெட்டிய பக்கத்தை ஒட்டமுடியாது, கேஸ் குழாய் அங்கேதான் போகிறது என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார், புரிந்துகொண்டோம். மிச்சமிருக்கும் கவுன்ட்டரில் பூச்சாடியை எடுத்துவிட்டு ஐந்து ஸ்டூல் போட ஒத்துக்கொண்டார், பழையவை நிலவறையில்தான் கிடக்கின்றனவாம். வாரநாட்களில் சாயங்காலம் ஐந்து மணிவரை புக்கிங் கேட்பதில்லை, குடிக்க வேண்டியதைக் கவுன்ட்டரில் வந்து வாங்கலாம். செவ்வாய்க்கிழமை டாமினோ மேஜை ஒன்றை மட்டும் ஒரு மாதம் சோதனைக்கு வைத்துப் பார்க்கிறேன் என்றார். ஐந்து மணிக்கு மேல் என்ன என்பதில்தான் இழுபறி. வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் அதற்கு அப்புறம்தானே வருகிறோம். தட்டு வைக்கும் இடத்தைச் சமையலறைப் பக்கமாக ஒரு கை அளவு தள்ளினால் இன்னும் மூன்று பேர் நிற்கலாம் என்று பாட்டி கையால் அளந்தே காட்டினார். கம்பெனியிடம் கேட்டுச் சொல்வதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார், வடிவமைப்பாளரை மறுபடி வரச்சொல்கிறாராம். வந்தால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். டாமினோக்காரருக்கு நான் போன் போட்டுச் சொன்னேன், யோசிக்கிறேன் என்றார்.